சான்றுக்கு ஒரு தாள்

உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை, கோயம்புத்தூர் அவிநாசி சாலையின் தலைக்கு மேலே பத்துக் கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடும் மேம்பாலத்தை 2025 அக்டோபரில் திறந்தபோது அதற்கு ஜி.டி. நாயுடுவின் பெயரை வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் அதன்மேல் கார் ஓட்டிப் போகிறவர்களில் சிலர் வகுப்புக்குப் போகிறார்கள். எம்.எஸ்சி., எம்.இ., எம்.காம். என்று முதுகலையை எப்போதோ முடித்து, பத்துப் பதினைந்து ஆண்டு வேலையும் பார்த்துவிட்டவர்கள். நூற்பாலையில் தரக்கட்டுப்பாடு பார்க்கும் மேலாளர், பம்ப்செட் கம்பெனியின் வடிவமைப்புப் பொறியாளர், மருத்துவமனை நிர்வாகத்தைத் திடீரென்று தோளில் ஏற்றிக்கொண்ட மருத்துவர், அப்பாரு தொடங்கிய ஃபவுண்டரியை இனி நடத்தியாக வேண்டிய பேரன். இன்னொரு முழுப் பட்டத்துக்கு இவர்களுக்கு நேரமும் இல்லை, பொறுமையும் இல்லை. ஒரு நிதிநிலை அறிக்கையைத் தடுமாறாமல் வாசிக்க வேண்டும். அடக்கவிலைக்கும் சந்தைவிலைக்கும் இடையில் எங்கே நிற்பது என்று தெரிய வேண்டும். ஆட்களை நடத்தத் தெரிய வேண்டும். அதற்காக ஆறு மாதம் அல்லது ஓராண்டு ஓடும் மேலாண்மைச் சான்றிதழ்ப் படிப்பில் சேருகிறார்கள். வீட்டை விட்டு நகராமலே, ஏதோ ஓர் ஐ.ஐ.எம்.மின் பேராசிரியரை இரவு உணவுக்குப் பின் திரையில் கேட்பவர்களும் உண்டு. பாலத்துக்குப் பெயர் கொடுத்தவரின் பழைய வழக்கு ஒன்றைத் தாங்கள் மறுபடி வாதாடிக்கொண்டிருப்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ!

அந்த வழக்கு 1945இல் நடந்தது. அன்றைய சென்னை மாகாண ஆளுநரின் பெயரால் கோயம்புத்தூரில் ஆர்தர் ஹோப் தொழில்நுட்பக் கல்லூரி உருவானது. அதற்கு வித்திட்டவரும் முதல் முதல்வராக அமர்ந்தவரும் ஜி.டி. நாயுடு. கலங்கல் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் தாமே நிலைக்காதவர். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றைப் பேருந்தை ஓட்டத் தொடங்கி அதைப் பெரும் நிறுவனமாக்கியவர். பொறியியலுக்கு நான்கு ஆண்டு என்பது காலத்தைக் கொல்வது, இரண்டு ஆண்டு போதும் என்றார் அவர். அரசு ஒப்பவில்லை. நாயுடு விலகிக்கொண்டார். கல்லூரி அரசின் கைக்குப் போய், தடாகம் சாலையில் இன்றும் அரசு தொழில்நுட்பக் கல்லூரியாக, நான்கு ஆண்டுப் படிப்போடு, நல்ல பெயரோடு நிற்கிறது. வழக்கில் அரசு வென்றது என்றே அன்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். ஆனால் அதே 1945இல்தான் ஹார்வர்டு வணிகப் பள்ளி, ஏற்கெனவே பதவியில் இருந்த நிர்வாகிகளுக்கென்று சில வாரங்களே நீடிக்கும் உயர் மேலாண்மைப் பயிற்சியைத் தொடங்கியது. போர்க்காலத்தில் தொழிற்சாலைகளுக்கு அவசரமாக ஆள் தேவைப்பட்டபோது நடத்திய மறுபயிற்சி வகுப்புகளின் நீட்சி அது. வேலையில் இருப்பவனுக்குக் குறுகிய காலத்தில் கற்பிக்கலாம் என்ற நம்பிக்கை ஓர் ஊரில் அரசோடு முட்டித் தோற்ற ஆண்டிலேயே இன்னோர் ஊரில் நிறுவனமாகிக் கொண்டிருந்தது. நாயுடுவும் ஹார்வர்டுக்காரர்களும் ஒருவரையொருவர் அறிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. காலம் சில எண்ணங்களை ஒரே பருவத்தில் பல வயல்களில் விதைத்துவிடுகிறது.

கொங்கு நாட்டில் தொழிலைப் பள்ளியில் கற்றவர்கள் மிகப் பிந்தியே வந்தார்கள். 1888இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் இங்கே முதல் பஞ்சாலையை நிறுவினார். 1910இல் லட்சுமி மில்ஸ் வந்தது. 1930களின் தொடக்கத்தில் பைக்காராவின் மின்சாரம் மலையிறங்கி வந்ததும் ஆலைகள் வரிசையாக எழுந்தன. காளைகளைப் பூட்டிக் கவலை இறைத்த ஆழக்கிணறுகளுக்கு மோட்டார் வந்தது. மோட்டார் பழுதானபோது அதைப் பிரித்துப் பார்த்தவர்கள் பட்டறை வைத்தார்கள். பட்டறை ஃபவுண்டரி ஆனது. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியிலும் சான்றிதழ் இல்லை. பின்னாளில் திருப்பூரின் பின்னலாடைத் தொழிலை ஆராய்ந்து 2004இல் நூல் வெளியிட்ட ஷரத் சாரி, வயலிலிருந்தும் தறியிலிருந்தும் வந்து முதலாளிகளானவர்களிடம் அவர்கள் உயர்ந்த வழியைக் கேட்டபோது திரும்பத் திரும்பக் கிடைத்த விடை ‘உழைப்பு’ என்ற ஒற்றைச் சொல்தான் என்று பதிவு செய்திருக்கிறார். அந்தச் சொல்லில் உண்மை உண்டு; முழு உண்மை இல்லை. உழைத்தவனுக்குப் பங்காளி முதல் போட்டான், மாமன் நூல்கடையில் கடன் சொன்னான், ஊர்ப் பெரியவர் ‘பையன் நம்ம பையந்தானுங்க’ என்று ஒரு வார்த்தை விட்டார். அந்த ஒரு வார்த்தைதான் அன்றைய மதிப்பெண் பட்டியல், அன்றைய அனுபவச் சான்று, அன்றைய வங்கி உத்தரவாதம். அந்த வார்த்தையைச் சொல்ல ஆளில்லாதவர்களின் கணக்கை நாம் எழுதி வைக்கவில்லை. அதே தோட்டத்தில் அதைவிடக் கடுமையாக உழைத்த பண்ணையாட்களின் பிள்ளைக்கு அந்த வார்த்தை கிடைக்கவில்லை. முதலாளியின் சொந்த மகளுக்கும் கிடைக்கவில்லை. கணக்கு அவள் கையில் பிசகாமல் வந்தபோதும் கல்லாப்பெட்டி அவள் தம்பிக்குத்தான் போனது. பழைய முறையின் இளஞ்சூட்டை நினைத்து ஏங்கும் என்னைப் போன்றவர்கள் இந்த இடத்தில் சற்று வாயடைத்து நிற்பது நல்லது.

தமிழ் இதைத் தன் சொற்களிலேயே மறைத்து வைத்திருக்கிறது. சான்றிதழ் என்ற சொல்லைப் பிரித்தால் சான்று சொல்லும் இதழ். சான்று சொல்ல ஆள் இருந்த இடத்தில் இதழ் வந்து அமர்ந்துகொண்டது. டிப்ளமோவுக்கு நாம் வைத்த பெயர் பட்டயம். நிலக்கொடையையும் சமூக உரிமைகளையும் செம்பில் வெட்டித் தந்த பழைய பட்டயத்தின் பெயரைத்தான் எடுத்துக் கொடுத்திருக்கிறோம். கொங்கு நாட்டின் செப்பேடுகளையும் பட்டயங்களையும் ஊர் ஊராகத் தேடிப் படியெடுத்த ஈரோட்டுப் புலவர் செ. இராசுவின் தொகுப்புகளைப் புரட்டினால், பல உடன்பாடுகளின் அடியில் சாட்சிகளின் பெயர் நிற்பதைக் காணலாம். செம்பு தனியாகப் பேசிவிடாது. அறிந்த மனிதர்கள் பக்கத்தில் நிற்க வேண்டும். இன்றைய தாளில் இருக்கும் கையெழுத்தை இட்டவருக்கு, அது யாருக்காக இடப்படுகிறது என்று தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு.

ஒவ்வொரு தலைமுறைக்கும் பட்டத்துக்குப் பின் ஒரு சின்னத் தாள் தேவைப்பட்டிருக்கிறது என்பது சற்று வயதானவர்களுக்கு எளிதில் விளங்கும். பி.ஏ. முடித்தவன் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் போன காலம் ஒன்று உண்டு. மாடியில் நீளமான கூடம், வரிசையாக ரெமிங்டன் இயந்திரங்கள், விடியற்காலை ஆறு மணி வகுப்பு, ஏ எஸ் டி எஃப் என்று விரல்கள் மந்திரம் ஓதும் சத்தம். லோயர், ஹையர் என்று அரசுத் தேர்வு. அரிஸ்டாட்டிலைப் படித்தவனுக்கு வேலை கொடுத்தது நிமிடத்துக்கு நாற்பத்தைந்து சொல் அடிக்கும் விரல்தான் என்று என் பெரியப்பா கசப்பில்லாமல் சொல்வார். பிறகு அந்தக் கூடங்களில் சிலவற்றிலேயே கணினிகள் வந்தன. எம்.எஸ்சி. கணிதம் முடித்தவர்கள் பி.ஜி.டி.சி.ஏ. படித்தார்கள்; எம்.காம். முடித்தவர்கள் டேலி கற்றார்கள், ஐந்தாண்டு படித்த கணக்கியலை மூன்று மாதத்தில் ஒரு மென்பொருளுக்குள் திணிக்க. இப்போது மேலாண்மைச் சான்றிதழ், அதிலும் தரவுப் பகுப்பாய்வு சேர்ந்தால் கூடுதல் மதிப்பு. ஒவ்வொரு முறையும் பட்டம் போதாது என்ற செய்தியைக் கொண்டு வருகிறவர்கள், இதுதான் கடைசித் தாள் என்ற தொனியிலேயே பேசுகிறார்கள். ரெமிங்டன் இயந்திரங்கள் பழைய இரும்புக்குப் போன அன்று அதைப் பற்றி யாரும் தலையங்கம் எழுதவில்லை.

மேலாண்மைக் கல்வியின் சொந்தக் கதையிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1961இல் கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் ஐ.ஐ.எம்.கள் தொடங்கியது முதல், 2017ஆம் ஆண்டின் ஐ.ஐ.எம். சட்டம் வரும் வரை, அரை நூற்றாண்டுக்கு மேல் அவை தந்தது பட்டம் அன்று, பட்டயம். பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டப்படி பட்டம் வழங்கும் அதிகாரம் அவற்றுக்கு இருக்கவில்லை. நாட்டிலேயே அதிகம் ஏங்கப்பட்ட தாள், சட்டத்தின் பார்வையில் முதுகலைப் பட்டத்துக்கு ஒரு படி கீழே நின்றது. அதைப் பெற்ற யாரையும் வேலைக்கு எடுக்கும் இடத்தில் பட்டம் எங்கே என்று கேட்கவில்லை. தாளின் பெயரைவிட அதைக் கொடுத்த வாசலின் பெயர் பேசியது. முதுகலை முடித்த நம் ஊர்ப் பொறியாளர் பெரிய நிறுவனங்களின் குறுகிய காலச் சான்றிதழுக்கு லட்சக் கணக்கில் பணம் கட்டத் துணிவதும் இந்தக் கணக்கில்தான். பாடம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஐ.ஐ.டி.க்களும் இந்திய அறிவியல் நிறுவனமும் 2003இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல்., 2017இல் வந்த ஸ்வயம் இரண்டிலும் கேட்கக் கேட்கத் தீராத மேலாண்மை வகுப்புகள் உண்டு. அவர் வாங்குவது பாடத்தை அன்று, பெரியவர் ஒருவரின் வார்த்தையை.

நான் வருந்துவது அதற்காக அல்ல. அறிமுகம் இல்லாதவனுக்கும் ஒரு தாள் கிடைக்கிறது என்பது பெரிய விடுதலை. வாரக் கடைசி வகுப்பில் உட்காரும் பெண் மேலாளர், தன் மாமன் யார் என்று சொல்லாமலே சாட்சி ஒன்றைப் பெற்றுவிடுகிறார். வருத்தம் வேறோர் இடத்தில் இருக்கிறது. பீளமேட்டில் பி.எஸ். கோவிந்தசாமி நாயுடுவின் நான்கு பிள்ளைகள் குடும்பச் சொத்தைப் பிரிக்கையில் அறத்தை ஐந்தாவது வாரிசாகக் கணக்கில் சேர்த்து, 1926இல் அறக்கட்டளை அமைத்தார்கள். அதே ஆண்டில் தொழிற்பயிலகமும் வைத்தார்கள். 1951இல் தொழில்நுட்பக் கல்லூரி வந்தபோது அது அந்தப் பயிலகத்தின் பட்டறைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. மோட்டாரும் பம்ப்பும் உண்மையில் விற்பனைக்குத் தயாராகும் இடத்துக்கும் கரும்பலகைக்கும் இடையில் ஒரு நடைதூரம். வார்ப்பில் குமிழி விழுந்தால் என்ன நஷ்டம் என்பதை மாணவன் புத்தகத்தில் படிக்கும் முன் மேஸ்திரியின் முகத்தில் படித்துவிடுவான். ஜி.டி. நாயுடு கேட்ட குறுகிய படிப்பும் அந்த மாதிரி ஒரு நடைதூரத்தை நம்பித்தான். கற்கும் காலம் குறையலாம், ஏனெனில் மிச்சத்தைப் பட்டறை சொல்லிக் கொடுக்கும். இன்று காலம் குறைந்துவிட்டது, நடைதூரம் கூடிவிட்டது. பம்ப்செட் பொறியாளர் திரையில் அலசுவது அமெரிக்காவின் விமான நிறுவனம் ஒன்றின் விலைக் கொள்கையை. அவருடைய சொந்த ஊரில், கணபதிப் பகுதியில் வெட் கிரைண்டர் செய்பவர் தவணையில் சரக்குக் கொடுத்து, மழைக்காலத்தில் வசூல் நின்று, எப்படித் தப்பித்தார் என்ற கதையை எந்தப் பாடத்திட்டமும் கேட்டு எழுதி வைக்கவில்லை. ஆடிக்கும் தீபாவளிக்கும் இடையில் திருப்பூர் எப்படி மூச்சு விடுகிறது என்று சொல்லத் தெரிந்த முதியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். நம் கல்லூரிகள் தங்கள் சான்றிதழ் வகுப்புகளுக்கு அவர்களில் நான்கு பேரையாவது நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தால், மற்ற நாற்பது பாடத்தை எங்கிருந்து கொண்டுவந்தாலும் நான் குறை சொல்ல மாட்டேன்.

நொய்யல் கரையில், சென்னிமலைக்கு மேற்கே, கொடுமணல் இருக்கிறது. 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அங்கே தோண்டியபோது இரும்பு உருக்கிய உலைகளும், மணிக்கற்களைத் துளையிட்டு மெருகேற்றிய தொழிற்கூடங்களின் எச்சங்களும் வெளிவந்தன. நீலக்கல்லும் பளிங்கும் சூதுபவளமும் பல ஊர் வணிகர்களின் கைமாறிய இடம். இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்திய அந்தத் தொழிற்பேட்டையில் கிடைத்தவற்றுள் மிக எளியவை பானை ஓடுகள்; அவற்றில் தமிழ் பிராமி எழுத்தில் ஆதன், சாத்தன் என்று பெயர்கள் கீறப்பட்டிருக்கின்றன. மணிக்குத் துளையிட அவர்களுக்கு யார் கற்றுக் கொடுத்தார்கள், எத்தனை ஆண்டு கற்றார்கள் என்று எந்த ஓடும் சொல்லவில்லை. கல் நன்றாக இருந்ததால் அது எவர் கையிலோ கடல் கடந்து போனது. போன தலைமுறை வரை எங்கள் ஊர்களில் கலியாணச் சீருக்கு வாங்கிய எவர்சில்வர் அண்டாவிலும் குடத்திலும் பேர் வெட்டுகிறவர் வந்து உட்கார்ந்து புள்ளி புள்ளியாகப் பெயரைப் பதித்துக் கொடுப்பார். அவரிடம் யாரும் பெயருக்குப் பின்னால் எம்.ஏ. என்றோ எம்.எஸ்சி. என்றோ வெட்டச் சொல்லி நான் பார்த்ததில்லை. எங்கள் வீட்டுக் குடத்தில் அப்புச்சி பெயரும் ஊர்ப் பெயரும் மட்டும் இருக்கின்றன. அவர் ஒற்றை எழுத்தையும் வாசிக்கத் தெரியாதவர். அதில் தம் பெயர் எந்தப் பக்கம் தொடங்குகிறது என்பதை விரலால் தடவித்தான் கண்டுபிடிப்பார்.