முன்சீப் கோர்ட்டும் கக்ஷிக்காரரும்

நீதி பரிபாலனம் என்றவுடன் சென்னை உயர் நீதிமன்றத்தின் செந்நிறக் கோபுரங்களையும், டில்லியில் பிறந்து பத்திரிகைகளின் முதற்பக்கத்தை நிரப்பும் தீர்ப்புகளையும் நினைப்பது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. ஆயினும் வரப்புத் தகராறு, பொதுச் சுவர், புரோநோட்டுக் கடன் என்னும் விவகாரங்களோடு காலந்தள்ளும் சாமானிய ஜனங்கள் நீதியின் முகத்தைத் தரிசிப்பது, 1873-ஆம் வருஷத்துச் சிவில் நீதிமன்றச் சட்டத்தின் கீழ் இன்றும் இயங்கிவரும் மாவட்ட முன்சீப் கோர்ட்டில்தான்.

காலை பத்தரை மணிக்கு டவாலி வாசலுக்கு வந்து வாதி, பிரதிவாதி பெயர்களை உரக்கக் கூவுகிறார். விடியற்காலைப் பஸ்ஸில் புறப்பட்டு, அன்றைய கூலியையும் இழந்து வந்த கக்ஷிக்காரர் பதறி எழுந்து உள்ளே போவதற்குள், ஜூனியர் வக்கீல் ஏதோ ஒரு வாக்கியம் சொல்ல, பெஞ்ச் கிளார்க் கட்டில் ஒரு தேதியைக் குறிக்க, அடுத்த வழக்கின் பெயர் கூப்பிடப்பட்டுவிடுகிறது. வெளியே வந்து, என்ன ஆயிற்று என்று வக்கீல் குமாஸ்தாவைக் கேட்டால், "வாய்தா, அடுத்த மாசம் பதினாலு" என்கிறார். ஏன் வாய்தா, யார் கேட்டது, அடுத்த முறை தாம் வரத்தான் வேண்டுமா என்பதெல்லாம் அவருக்குத் தெரிவதில்லை. சட்டப்படி அன்று எந்தத் தவறும் நிகழவில்லை என்பதே இதில் விசேஷம்.

நிதானத்துக்குத் தக்க காரணம் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. அமீனா சம்மனைச் சார்வு செய்து, எதிர்க்கட்சி பதிலுரை போட்டு, எழுவினாக்கள் வனையப்பட்டு, சாட்சி குறுக்கு விசாரணைக்கு உட்பட்ட பின்னரே தீர்ப்பு என்ற ஏற்பாடு, வசதி படைத்தவன் வாய்மொழியால் ஏழையின் நிலம் பறிபோகாமல் காக்கும் அரணாகும். ஆனால் விசாரணையின்போது ஒரு கக்ஷிக்கு மூன்று முறைக்கு மேல் வாய்தா வழங்கலாகாது என்று 2002-இல் அமலுக்கு வந்த திருத்தம் சொல்லியும், அது ஏட்டளவில் நிற்பதற்கு நீதிபதிகளை மட்டும் நோவது நியாயமன்று. சொத்தை அநுபவத்தில் வைத்திருப்பவனுக்கு ஒவ்வொரு வாய்தாவும் ஒரு போக விளைச்சல், அவனும் கக்ஷிக்காரன்தானே!

டிக்ரி கிடைத்த பிறகுதான் இந்தியக் கக்ஷிக்காரரின் தொல்லைகள் ஆரம்பமாகின்றன என்னும் கருத்தைப் பிரிவி கவுன்சில் 1872-லேயே வெளியிட்டது. நிறைவேற்று மனுக்களை ஆறு மாதத்துக்குள் முடிக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் உத்தரவிட நேர்ந்ததைப் பார்த்தால், இடைப்பட்ட காலத்தில் நாம் கடந்த தூரம் அதிகமில்லை.

தாமதம் ஒரு நாளில் தீராது. விளங்காமையோ நாளையே தீரக்கூடியது. தரங்கம்பாடியிலும் மாயூரத்திலும் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை, ஜனங்களுக்குச் சட்டம் புரியவேண்டும் என்ற நோக்கத்தால் சதர் கோர்ட்டுத் தீர்ப்புகளைத் தமிழாக்கித் தந்தார். 1976-இல் கீழ் நீதிமன்றங்களின் சாட்சியத்துக்கும் தீர்ப்புக்கும் தமிழே மொழி என்று சட்டமும் வழி செய்தது. இப்போது கைப்பேசியிலேயே வாய்தா தேதியைப் பார்க்கலாம் என்பது மெய்யான சௌகரியமே. ஆனால் தேதிக்கு எதிரே 'ஃபார் ஸ்டெப்ஸ்' என்று கண்டிருப்பதைக் கொண்டு ஒரு குடியானவர் என்ன அறிவார்?

ஆகவே பெரிய சீர்திருத்தம் எதையும் இங்கே கோரவில்லை. இன்று நடந்தது என்ன, வாய்தா கேட்டவர் யார், அடுத்த தேதியில் கக்ஷிக்காரர் நேரில் வரவேண்டுமா, வரவேண்டுமெனில் முற்பகலா பிற்பகலா என்பதைத் தமிழில் நான்கு வரியாக எழுதிய ஒரு சீட்டை வாசலிலேயே கொடுக்கச் சொல்கிறேன். அந்தச் சீட்டுக்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை, புதிய கட்டடமும் வேண்டியதில்லை. உயர் நீதிமன்றம் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும். அதை அனுப்பும்படி வக்கீல் சங்கங்களே முதலில் கேட்கவேண்டும்.