"புரியுதுல்ல, விடுங்க"

மென்பொருள் அலுவலகங்களில் பல ஆண்டுகளாக இந்த வாசகம் உலவுகிறது. ஆவணத்தில் ஒரு மெத்தடின் பெயர் ஓரிடத்தில் புள்ளியோடும், இன்னோரிடத்தில் # குறியோடும், வேறோரிடத்தில் எதுவுமின்றி மொட்டையாகவும் நிற்கிறதே என்று கேட்டுப் பாருங்கள். "புரியுதுல்ல, விடுங்க" என்று பதில் வந்து விழும். அண்மையில் துறையின் மூத்தவர் ஒருவர் இதை மேடையிலேயே கொள்கையாக்கிவிட்டார். லின்டர் ஆவணத்தில் மெத்தட் பெயர்களை ஒரே முறையில் எழுதச் சொல்வது வேலையற்றவர்களின் வேலையாம். கைதட்டலும் கிடைத்தது. ஒழுங்கு வேண்டாம் என்று சொன்னால் எந்தக் கூட்டத்திலும் கைதட்டல் கிடைக்கும்.

அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் ரூபோகாப். ரூபி மொழிக்கான லின்டர். 2012-இல் போஜிதார் பாட்ஸோவ் தொடங்கியது. நிரலை ஓட்டாமலேயே படித்துவிட்டு இது தப்பு, அது ஆபத்து, இங்கே ஓர் இடைவெளி கூடுதல் என்று பட்டியல் போடும். விதிக்குக் 'காப்' என்று பெயர், மீறலுக்குக் 'குற்றம்' என்று பெயர். ரூபி உலகில் பழைய எழுத்து மரபு ஒன்றும் உண்டு. கிளாஸையே கூப்பிட்டு ஏவும் மெத்தட் என்றால் புள்ளி: ஃபைல்.ரீட். அந்தக் கிளாஸில் பிறந்த ஆப்ஜெக்டின் மெத்தட் என்றால் #: ஸ்ட்ரிங்#ஸ்ட்ரிப். மொத்த மரபும் இந்த ஒரே ஓர் எழுத்துதான்.

மூத்தவரின் முதல் ஆயுதம், எதிர்பார்த்தபடியே, சைக்கிள் கொட்டகை. எழுத்தாளர் பார்க்கின்சன் 1957-இல் எழுதிய கதை: அணு உலைக்கு ஒரு கோடி பவுண்டை இரண்டரை நிமிடத்தில் ஒப்புக்கொள்ளும் குழு, 350 பவுண்டு கொட்டகைக்கு முக்கால் மணி நேரம் சண்டை போடும். 1999-இல் ஃப்ரீபிஎஸ்டி திட்டத்தின் பால்-ஹென்னிங் காம்ப் இதை நிரலாளர்களிடையே பரப்பினார். கொட்டகைக்கு என்ன நிறம் என்று அடித்துக்கொள்ளாதே என்பதாக இன்று எல்லோரும் இதைச் சொல்கிறார்கள். பார்க்கின்சன் எழுதியதில் அந்தச் சண்டை நிறத்தைப் பற்றியதே அல்ல, கூரையைப் பற்றியது: அலுமினியமா, ஆஸ்பெஸ்டாஸா? இன்றைக்கு யாராவது ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டுவிட்டு "சின்ன விஷயம், விடுங்க" என்று சொல்லிப் பார்க்கட்டும்.

அனுபவசாலிக்குப் புரியும் என்பது அடுத்த வாதம். அனுபவசாலி லின்டர் ஆவணத்தைத் திறப்பதே இல்லை. திறப்பவர் நேற்று வேலைக்குச் சேர்ந்தவர்.

ஆவணத்தில் விதிக்குக் கீழே உதாரணம் இருக்கிறதே என்பது இன்னொன்று. டெர்மினலில் வரும் குற்ற அறிவிப்பு ஒற்றை வரி. அதற்குக் கீழே உதாரணம் வராது.

பைத்தானில் எல்லாவற்றுக்கும் புள்ளிதானே, அங்கே யார் குடி கெட்டது என்றும் கேட்டார். பைத்தானில் ஸ்ட்ரிங் கிளாஸின் பெயரோடு புள்ளி வைத்து ஸ்ட்ரிப் என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் ஒரு சொல்லைக் கொடுத்தால் வேலை நடக்கும். அது செல்லுபடியாகும் நிரல். ரூபியில் ஸ்ட்ரிங்.ஸ்ட்ரிப் என்று எழுதினால் அப்படியொரு மெத்தடே இல்லை என்று பிழை வரும். பக்கத்து வீட்டு மரபை இழுத்து வருபவர் அதன் இலக்கணத்தையும் கூடவே கொண்டுவர வேண்டும்.

ரூபியில் # குறிக்குப் பிறகு வருவது கருத்துரை. அதனால் புதியவர் குழம்புவார் என்றார். ஆமாம், அர்ரே#மேப் என்று ரூபியின் ஊடாடு முனையமான ஐஆர்பியில் தட்டினால் அர்ரே மட்டுமே திரும்பி வரும். அதுதான் இந்தக் குறியின் நல்ல குணம். பெயரைச் சுட்டுகிறேன், இது நிரல் அல்ல என்று பார்த்தவுடனே சொல்லிவிடுகிறது. தவறாக வைத்த புள்ளியோ நிரல் போலவே வேடம் போடும், ஓட்டினால் காலை வாரும். ஜாவா ஆவணங்களிலும் இணைப்பு கொடுக்கும்போது கிளாஸுக்கும் மெத்தடுக்கும் நடுவே #தான். அங்கே யாரும் குழம்பியதாகத் தெரியவில்லை.

லின்டருக்கே அந்த ஆப்ஜெக்ட் எந்தக் கிளாஸ் என்று தெரியாதபோது ஆவணம் மட்டும் தெரிந்ததுபோல் எழுதலாமா என்பதும் ஒரு வாதம். கொஞ்சம் கெட்டிக்காரத்தனமான வாதம்தான். நீளம் பூஜ்யமா என்று கேட்காதே, 'எம்ப்டி?' மெத்தடைப் பயன்படுத்து என்கிற விதியின் ஆவணம், கூப்பிடப்படும் ஆப்ஜெக்டைப் பற்றி உறுதி சொல்ல முடியாததால் விதி பாதுகாப்பற்றது என்று தானே ஒப்புக்கொள்கிறது. கிளாஸ் தெரியாவிட்டால் கிளாஸ் பெயரை விட்டுவிட்டு #எம்ப்டி? என்று எழுதலாமே. தெரியாததைத் தெரியாது என்று சொல்லவும் மரபில் வழி இருக்கும்போது குறியையும் சேர்த்து எதற்குத் தூக்கி எறிய வேண்டும்?

இனி, மேடையில் அவர் தொடவே தொடாத விஷயத்துக்கு வருகிறேன். ரூபோகாப்பில் பாதுகாப்புக்கென்று ஒரு பிரிவு உண்டு. அதில் ஒரு விதி ஐஓ.ரீட் பற்றியது. புள்ளியைக் கவனியுங்கள். இது ஐஓ கிளாஸின் மெத்தட். கோப்பின் பாதையைக் கொடுத்தால் உள்ளடக்கத்தைத் தரும். ஆனால் கொடுக்கும் சரம் நெட்டுக்கோட்டில் (|) தொடங்கினால், பழைய ரூபி பதிப்புகளில் மீதியை அது பாதையாகப் பார்க்காது. இயக்க முறைமைக்கான கட்டளையாக எடுத்து ஓட்டிவிடும். பாதை எங்கோ வெளியிலிருந்து, ஒரு வலைப் படிவத்திலிருந்து வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நெட்டுக்கோடும் ஒரு கட்டளையும் தட்டத் தெரிந்தவன் கையில் உங்கள் சர்வர். 2023-இல் வந்த ரூபி 3.3 இந்த வழக்கத்தைக் கைவிட வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தது, ஆனாலும் பழைய பதிப்புகளில் ஓடும் நிரல்கள் நாட்டில் குறைவில்லை. ஃபைல்.ரீட் என்று எழுதினால் இந்த வம்பு கிடையாது. விதி பரிந்துரைக்கும் மாற்றும் அதுவே.

இப்போது ஐஓ#ரீட். அதுவும் உண்டு. ஏற்கெனவே திறந்து வைத்த கோப்பிலிருந்தோ சாக்கெட்டிலிருந்தோ படிக்கும் மெத்தட். அதற்குப் பாதையே கொடுப்பதில்லை. கொடுத்தால் எத்தனை பைட் என்ற எண்ணைக் கொடுப்போம். நெட்டுக்கோட்டுக்கு அங்கே வேலையில்லை. இந்த இரண்டில் ஒன்று ஆபத்து, மற்றது சாது. இரண்டையும் பிரித்துக் காட்டுவது அந்த ஓர் எழுத்து. ஆவணம் 'ரீட் ஆபத்தானது' என்று மொட்டையாகச் சொல்லியிருந்தால் புதியவர் என்ன செய்வார்? சாக்கெட்டைப் படிக்கும் வரிகளையெல்லாம் தேடித் தேடித் திருத்துவார். இரண்டு நாள் போனபின் இதெல்லாம் பொய் எச்சரிக்கை என்று முடிவுகட்டி விதியையே அணைத்துவிடுவார். உண்மையான ஐஓ.ரீட் ஒரு மூலையில் பத்திரமாக உட்கார்ந்திருக்கும்.

ஓப்பனின் கதை இதைவிட மோசம். கெர்னல்#ஓப்பனுக்கும் அதே நெட்டுக்கோட்டு நோய். ஓப்பனுக்கென்று உள்ள விதி யூஆர்ஐ.ஓப்பனையும் பிடிக்கும். ஃபைல்.ஓப்பனோ கோப்பைத் திறக்கும், அவ்வளவுதான். நோயும் மருந்தும் ஒரே பெயரில் இருக்கின்றன. மருந்துச் சீட்டில் மாத்திரையின் பெயரை மட்டும் எழுதிவிட்டு மில்லிகிராமை விட்டுவிடும் மருத்துவரிடம் "புரியுதுல்ல, விடுங்க" என்பாரா மூத்தவர்? பாதுகாப்புப் பிரிவில் இந்தப் பெயர்களைக் குறியோடு சரியாகவே எழுதியிருக்கிறார்கள். அங்கே எழுத முடிந்தது மற்றப் பிரிவுகளில் ஏன் வேலையற்ற வேலையாகிறது?

கடைசியாக, யார் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பது, திருத்தினாலும் மறுபடி கலையும் என்ற அலுப்பு. உங்கள் நிரலில் வரி 120 எழுத்தைத் தாண்டினால் குற்றம். ஒற்றை மேற்கோளில் முடிகிற இடத்தில் இரட்டை மேற்கோள் போட்டால் குற்றம். மெத்தடைக் கூப்பிடப் புள்ளிக்குப் பதிலாக இரட்டை முக்காற்புள்ளி வைத்தால் அதற்கும் ஒரு காப் வரும். இத்தனை கறாரான கருவியின் ஆவணத்துக்கு மட்டும் விதி கூடாதாம்! ரூபோகாப் தன் சொந்த நிரலைக் கண்காணிக்கத் தனியாக உள்விவகாரக் காப்புகளையே வைத்திருக்கிறது. அவற்றில் ஒன்றின் வேலை, விதி விளக்கங்கள் 'இந்தக் காப் சோதிக்கிறது' என்று தொடங்காமல் நேராக வினைச்சொல்லில் தொடங்குகின்றனவா என்று பார்ப்பது. வாக்கியத்தின் முதல் சொல்லுக்கே காவல் போட முடிந்தவர்களுக்கு மெத்தட் பெயர் பெரிய சுமையா?

2024 டிசம்பர் 25-இல் வெளிவந்த ரூபி 3.4 இந்த விவாதத்தை ஏறக்குறைய முடித்துவிட்டது. அதுவரை பிழை அறிக்கையில் மெத்தடின் பெயர் மட்டும் வந்தது. இப்போது கிளாஸும் சேர்ந்து வருகிறது. பூஜ்யத்தால் வகுத்துப் பாருங்கள், 'இன்டிஜர்#/' என்று வரும். கிளாஸ் மெத்தடில் பிழை விழுந்தால் அதே இடத்தில் புள்ளி வரும். மொழியே இப்படிப் பேசுகிறது. ஆவணம் எழுதுகிறவர்களே, நீங்களும் அப்படியே எழுதுங்கள். மொட்டைப் பெயரோடு வரும் திருத்தங்களை ஏற்காதீர்கள்.