நகரும் மலையும் நிற்க வேண்டிய சுவரும்

மலை அசையாதது என்பது மனிதரின் நெடுநாள் நம்பிக்கை. இமயமலையோ ஒவ்வொரு நாளும் அசைந்துகொண்டிருக்கிறது. இந்திய நிலத்தட்டு வடக்கு நோக்கி நகர்ந்து யூரேசியத் தட்டின்கீழ் நுழைகிறது. நேபாளத்தின் குறுக்கே இந்நெருக்கம் ஆண்டிற்கு ஏறத்தாழ 2 செ.மீ.; விரல்நகம் வளரும் வேகத்தினும் குறைவு.

கண்ணுக்குப் புலனாகாத இவ்வசைவை அளந்து காட்டுபவை செயற்கைக்கோள்கள். ஏறத்தாழ 20,000 கி.மீ. உயரத்தில் சுற்றிவரும் அவை அனுப்பும் ரேடியோ அலைகளை, பாறையில் உறுதியாகப் பொருத்தப்பட்ட ஏற்பிகள் பெறுகின்றன. அலைகள் வந்துசேர எடுத்துக்கொண்ட நேரத்தைக் கொண்டு தொலைவும், பல செயற்கைக்கோள்களின் தொலைவுகளைக் கொண்டு அவ்விடத்தின் அமைவும் கணக்கிடப்படுகின்றன. கைப்பேசி சில மீட்டர் பிழையோடு இடத்தைக் காட்டும். ஆண்டுக்கணக்கில் ஓய்வின்றிப் பதிவுசெய்யும் இவ்வேற்பிகளோ மில்லிமீட்டர் அளவிலான நகர்வையும் உணர்த்தும்.

நேபாளத்தில் 1990களிலேயே இவ்வளவீடுகள் ஓர் உண்மையை உணர்த்தின. தட்டுகள் நெருங்கினாலும், அவற்றிடையே உள்ள பிளவுப்பரப்பு நகராமல் பூட்டிக் கிடக்கிறது. அதனால் பாறைகளில் தகைவு சேர்ந்துகொண்டே போகிறது. 2015 ஏப்ரல் 25 அன்று அதன் ஒரு பகுதி விடுபட்டது. 7.8 அளவுடைய அந்நிலநடுக்கம் ஏறத்தாழ 9,000 உயிர்களைப் பறித்தது. காத்மாண்டுப் பகுதி ஏறத்தாழ ஒரு மீட்டர் உயர்ந்து, தெற்கு நோக்கியும் நகர்ந்தது.

நடுக்கம் வரும் நாளைச் சொல்லாத அளவீட்டால் என்ன பயன் என வினவுவோர் உளர். கடன் தீர்க்கப்படும் நாளை அது சொல்வதில்லை. கடன் எங்கே, எவ்வளவு என்பதைச் சொல்கிறது. மேற்கு நேபாளத்தில் 1505ஆம் ஆண்டிற்குப் பின் மிகப்பெரும் நிலநடுக்கம் நிகழவில்லை. ஆண்டிற்கு 2 செ.மீ. எனக் கொண்டால், 500 ஆண்டுகளில் சேர்ந்த நகர்வு 10 மீட்டர் ஆகும். இதனினும் தெளிவான எச்சரிக்கை வேறில்லை.

ஆயினும், அறிந்தது காப்பாகவில்லை. 2023 நவம்பரில் அதே மேற்குப் பகுதியின் ஜாஜர்கோட்டில் நிகழ்ந்த நடுத்தர நிலநடுக்கமே 150க்கும் மேற்பட்டோரின் உயிரைக் கொண்டது. கல்லும் மண்ணும் கொண்டு எழுப்பிய வீடுகள் இரவில் உறங்கியோர்மேல் சரிந்தன. சுவர்களைச் சுற்றி மரத்தாலோ கான்கிரீட்டாலோ கிடைமட்டப் பட்டைகள் அமைத்தால், அத்தகைய வீடுகளும் எளிதில் குலையா. அச்செலவை ஏழைக் குடும்பங்கள் தனித்துத் தாங்க இயலாது. அரசு பங்கேற்பதே முறை.

ஏற்பிகளை நிறுவுவதோடு கடமை முடிவதில்லை. ஆய்வறிக்கையில் உள்ள 2 செ.மீ. என்னும் அளவு கொத்தனாரின் கைவேலையாக மாறும்போதே அறிவியல் உயிர் காக்கும்.