டைமிங்கை ஏத்தினா பவர் ஏறுமா? புதுவாயல் ஹைவேயில் தேடினா பதில் கிடைக்காது!

ஏர் ஃபில்டர் மாத்தியாச்சு, எக்ஸாஸ்ட் மாத்தியாச்சு, டர்போ பூஸ்ட்டும் ஏத்தியாச்சு. கார் மாடிஃபை செய்யும் இளைஞர்கள் அடுத்து கை வைப்பது இக்னிஷன் டைமிங்கில்தான். லேப்டாப்பை காரோடு இணைத்து நாலு எண்களை மாற்றினால் போதும், செலவே இல்லாமல் பவர் கூடும் என்ற நம்பிக்கை. இந்த நம்பிக்கையில் பாதி உண்மை. மீதிப் பாதிதான் பிஸ்டனை உடைக்கிறது.

அந்த மாற்றம் வேலை செய்ததா என்று பார்க்க பலருக்கும் தோன்றும் இடம் நேரான நெடுஞ்சாலை. செங்குன்றம் தாண்டி, புதுவாயல் வழியாக கும்மிடிப்பூண்டி போகும் சென்னை - கொல்கத்தா நெடுஞ்சாலை அப்படிப்பட்ட ஒன்று. இது ஏன் ரெண்டு விதத்திலும் தப்பு?

டைமிங் என்றால் என்ன?

பெட்ரோல் இன்ஜினில் பிஸ்டன் மேலே வந்து, காற்று - பெட்ரோல் கலவையை அழுத்தும். ஸ்பார்க் பிளக் அதைப் பற்றவைக்கும். ஆனால் கலவை பட்டாசு மாதிரி ஒரே நொடியில் வெடிப்பதில்லை. தீ பரவி முடிய சில மில்லி விநாடிகள் ஆகும். அதனால் பிஸ்டன் உச்சிக்கு வரும் முன்பே ஸ்பார்க் வர வேண்டும். எத்தனை டிகிரி முன்னாடி என்பதுதான் டைமிங். அதற்குப் பெயர் 'அட்வான்ஸ்'.

ஒரு சின்ன கணக்கு. இன்ஜின் 6,000 ஆர்.பி.எம்-இல் ஓடினால், நொடிக்கு 100 சுற்று. அதாவது ஒரு மில்லி விநாடியில் கிராங்க் 36 டிகிரி திரும்பிவிடும். ஸ்பார்க் ரொம்ப லேட்டாக வந்தால், பிஸ்டன் கீழே இறங்க ஆரம்பித்த பிறகுதான் அழுத்தம் உருவாகும். பவர் வீணாகும், சூடு எக்ஸாஸ்ட் பக்கம் போகும். ரொம்ப சீக்கிரம் வந்தால், மேலே ஏறிக்கொண்டிருக்கும் பிஸ்டனையே தீ எதிர்த்துத் தள்ளும். பெரும்பாலான இன்ஜின்களில் பிஸ்டன் உச்சியைத் தாண்டி சுமார் 15 டிகிரி திரும்பும்போது அழுத்தம் உச்சத்தைத் தொட்டால்தான் முழு பலன்.

அம்பாசிடர், பிரீமியர் பத்மினி காலத்தில் மெக்கானிக்குகள் டிஸ்ட்ரிபியூட்டரைக் கையால் லேசாகத் திருப்பி, சத்தத்தைக் கேட்டே டைமிங் வைத்தார்கள். இன்று அதே வேலையை ஈ.சி.யு செய்கிறது. எந்த ஆர்.பி.எம்-இல், எவ்வளவு லோடில், எத்தனை டிகிரி என்று ஒரு பெரிய அட்டவணை அதற்குள் இருக்கிறது.

ஃபுல் த்ராட்டிலில் என்ன மாறுது?

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். ஆக்சிலரேட்டரை முழுசா மிதிக்கும்போது அட்வான்ஸ் நிறைய வேண்டும் என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. த்ராட்டில் முழுசா திறந்தால் சிலிண்டருக்குள் காற்று அதிகம், கலவை அடர்த்தி அதிகம், தீயும் வேகமாகப் பரவும். அதனால் அதே ஆர்.பி.எம்-இல், மெதுவாக க்ரூஸ் செய்யும்போது தேவைப்படுவதைவிட ஃபுல் த்ராட்டிலில் குறைந்த அட்வான்ஸே போதும். டர்போ பூஸ்ட்டை ஏத்தினால் இன்னும் குறைக்க வேண்டும்.

அடுத்தது, பலன் ஒரு கட்டத்தில் நின்றுவிடும். அட்வான்ஸை ஒவ்வொரு டிகிரியாக ஏத்தும்போது டார்க் முதலில் நன்றாகக் கூடும், பிறகு கொஞ்சமாகக் கூடும், கடைசியில் சமதளமாகிவிடும். ஒரு உதாரணத்துக்கு, 24 டிகிரியில் 200 நியூட்டன் மீட்டரும் 27 டிகிரியில் 201-ம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு நியூட்டன் மீட்டரை ஓட்டுபவரால் உணரவே முடியாது. ஆனால் அந்த 3 டிகிரி இன்ஜினுக்குள் ஏத்தும் அழுத்தமும் சூடும் நிஜம். அதிகபட்ச டார்க் தரும் ஆகக் குறைந்த அட்வான்ஸ் எதுவோ, நல்ல டியூனர்கள் அங்கேயே நிறுத்துகிறார்கள்.

நாக்கிங் ஏன் ஆபத்து?

பல இன்ஜின்களில், சாதா பெட்ரோலில், அந்த இடத்துக்குப் போகும் முன்பே நாக்கிங் வந்துவிடும். தீ இன்னும் போய்ச் சேராத மூலையில் இருக்கும் கலவை, அழுத்தத்தாலும் சூட்டாலும் தானாகவே வெடிப்பதுதான் நாக்கிங். சிலிண்டருக்குள் சுத்தியல் அடி மாதிரி. இது தொடர்ந்தால் பிஸ்டன் ரிங் உட்காரும் இடம் உடையும், பிஸ்டன் உருகும்.

குறைந்த வேகத்தில் 'டிக் டிக்' என்று காதில் விழும் இந்தச் சத்தம், ஃபுல் த்ராட்டிலில் எக்ஸாஸ்ட் அலறலில் அமுங்கிவிடும். கம்பெனி கார்களில் இருக்கும் நாக் சென்சார் இதை உணர்ந்து டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கும். ஆனால் அது அவசரத்துக்கான பாதுகாப்பு. எப்போதும் அதை நம்பியே ஓட்டும்படி மேப் எழுதுவது, ஒவ்வொரு சிக்னலிலும் ஹேண்ட்பிரேக் போட்டு வண்டியை நிறுத்துவது மாதிரி.

நம்ம ஊர் வெயிலும் பெட்ரோலும்

நாக்கிங்குக்குச் சூடான காற்று பெரிய துணை. மார்கழி விடியலில் சரியாக இருந்த அதே மேப், அக்னி நட்சத்திர மதியத்தில் இன்ஜினை அடிக்க ஆரம்பிக்கலாம். குளிர் நாட்டுக் காருக்கு எழுதிய ரெடிமேட் மேப்பை அப்படியே ஏற்றுவது அதைவிட ரிஸ்க்.

பெட்ரோலும் முக்கியம். நாக்கிங்கைத் தாங்கும் திறனைச் சொல்வதுதான் ஆக்டேன் எண். 100 ஆக்டேன் பெட்ரோலை நம்பி டைமிங்கை ஏத்திவிட்டு, வழியில் கிடைத்த பங்கில் சாதா பெட்ரோல் போட்டால், அன்றைக்கே சேதம் ஆரம்பிக்கும். எத்தனால் கலந்த இ20-க்கு இன்னொரு பக்கமும் உண்டு. எத்தனாலின் ஆக்டேன் 100-க்கும் மேல். அது கலவையைக் குளிர்விக்கவும் செய்யும். டைமிங்குக்கு அது நல்லது. ஆனால் அதே அளவு காற்றுக்கு எத்தனால் அதிகம் தேவை. பல கார்களில் ஃபுல் த்ராட்டிலின்போது ஈ.சி.யு ஆக்சிஜன் சென்சாரைப் பார்க்காமல், எழுதி வைத்த அளவிலேயே பெட்ரோல் தெளிக்கும். பழைய அளவு அப்படியே இருந்தால் கலவை மெலியும், சூடு ஏறும். பெட்ரோல் அளவைச் சரிபார்க்காமல் டைமிங்கை மட்டும் தொடக் கூடாது.

ஹைவே ஏன் டைனோ ஆகாது?

டைனோவில் கார் நின்ற இடத்திலேயே ஓடும். தேவையான ஆர்.பி.எம்-இல் பிடித்து வைத்து, ஒரு டிகிரி மாற்றி, டார்க் கூடியதா என்று நேரடியாக அளக்கலாம். சாலையில் காற்று, ஏற்றம், டிராஃபிக் எல்லாம் கலந்துவிடும். மிஞ்சுவது 'இழுக்குற மாதிரி இருக்கு' என்ற ஃபீல் மட்டும். ஒன்றிரண்டு டிகிரி வித்தியாசத்தை அந்த ஃபீல் கண்டுபிடிக்காது.

விலை மட்டும் பெரியது. மணிக்கு 140 கி.மீ வேகத்தில் ஒரு நொடிக்கு சுமார் 39 மீட்டர் போகிறோம். லேப்டாப் ஸ்கிரீனை 2 நொடி பார்த்தால், 78 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம். புதுவாயல், பெரியபாளையம் சாலை பிரியும் சந்திப்பு. சிப்காட் லாரிகள், ஷிப்ட் முடிந்து திரும்பும் கம்பெனி பஸ்கள், ரோட்டைக் கடக்க நிற்கும் தொழிலாளர்கள் என்று எப்போதும் ஆள் நடமாட்டம் உள்ள இடம். அவர்கள் யாரும் இந்தச் சோதனைக்குச் சம்மதம் சொல்லவில்லை.

சட்டமும் தெளிவு. அரசின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் பொது இடத்தில் ரேஸ் விடுவது, மோட்டார் வாகனச் சட்டம் 189-வது பிரிவின்படி குற்றம். ஆர்.சி விவரங்களோடு முரண்படும்படி வண்டியை மாற்றுவதை 52-வது பிரிவு தடுக்கிறது.

அப்போ எங்கே போவது?

இந்தக் கேள்வி நியாயமானது. இதே ஜி.என்.டி சாலையை ஒட்டிய சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர் காலத்து விமான ஓடுதளத்தில் பல ஆண்டுகள் கார், பைக் ரேஸ் நடந்தது. 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதை நடத்தியது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டை டிராக் வந்த பிறகு ரேஸ் அங்கே போய்விட்டது. வடக்குப் பக்கம் வளரும் ஒரு இளைஞனுக்கு வீட்டு வாசலில் ஹைவே இருக்கிறது. டிராக் ஊரின் மறுபக்கம்.

2024-இல் தீவுத்திடலைச் சுற்றி சாலைகளை மூடி, இரவு ஃபார்முலா ரேஸ் நடத்த தமிழ்நாடு அரசால் முடிந்தது. அதே அரசு, சாதாரண ஆட்கள் கட்டக்கூடிய கட்டணத்தில், சொந்தக் காரோடு ஹெல்மெட் போட்டு ஓட்டிப் பார்க்க மாதம் ஒரு நாளாவது டிராக்கைத் திறக்க வழி செய்யலாம். 'பிடி, அபராதம் போடு' என்பதோடு நிறுத்தினால், ரேஸ் அடுத்த சர்வீஸ் ரோட்டுக்கு நகரும், அவ்வளவுதான்.

அரசு செய்யும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலையும் இருக்கிறது. டியூன் செய்துகொடுக்கும் கடையில் மூன்று கேள்வி கேளுங்கள்: டைனோ ஷீட் எங்கே? எந்த ஆக்டேன் பெட்ரோலுக்கு எழுதிய மேப்? நாக்கிங்கை எதை வைத்துப் பார்த்தீர்கள்? 'ரோட்ல ஓட்டிப் பார்த்துட்டேன், சூப்பரா போகுது' என்று பதில் வந்தால், சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவது நல்லது.