மாறும் வீரரும் மாறா அன்பும்

ஓர் ஊரின் பெயரைத் தாங்கிய அணி களமிறங்கும்போது பதினொருவர் மட்டும் ஆடுவதில்லை, அவ்வூரே ஆடுகிறது. தந்தையின் தோளில் அமர்ந்து ஆட்டம் பார்த்த குழந்தை, வளர்ந்து தன் குழந்தையைத் தோளில் சுமந்து அதே அரங்கிற்கு வருகிறது. இவ்வாறு தலைமுறைகளைக் கடந்து நிற்பது இரசிகரின் பற்று. வீரரின் ஆட்டக் காலமோ பத்து, பதினைந்து ஆண்டுகளில் முடிந்துவிடுகிறது. நீண்ட பற்றும் குறுகிய காலமும் சந்திக்கும் இடத்தில் ஒரு வினா எழுகிறது. நெஞ்சில் வைத்துப் போற்றிய வீரர் எதிரணிக்குச் சென்றால் அது துரோகமா?

இவ்வினாவின் முழு வெம்மையையும் உணர்ந்த நகரம் ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனா. 1899இல் தொடங்கப்பட்ட அதன் கால்பந்துக் கழகம், இன்றும் தன் உறுப்பினர்களுக்கே உரியது. பிராங்கோவின் சர்வாதிகார ஆட்சியில் (1939 – 1975) காத்தலான் மொழி பள்ளிகளிலிருந்தும் அரசு அலுவலகங்களிலிருந்தும் விலக்கப்பட்டது. அக்காலத்தில் தம் மொழியையும் அடையாளத்தையும் மக்கள் கூடிநின்று வெளிப்படுத்த வாய்த்த அரிய இடங்களுள் ஒன்றாகக் கால்பந்து அரங்கம் விளங்கியது. தலைநகரின் அணியான ரியல் மாட்ரிட்டை எதிர்த்து ஆடுவது அவர்களுக்கு வெறும் போட்டியாக இருக்கவில்லை. அது தன்மானத்தின் குரலாக ஒலித்தது.

ஃபிகோவின் பெயர்ச்சி

1995இல் போர்த்துக்கல் நாட்டிலிருந்து பார்சிலோனாவுக்கு வந்தவர் லூயிஸ் ஃபிகோ. ஐந்தே ஆண்டுகளில் அவர் அந்நகரின் செல்லப்பிள்ளையானார். 2000ஆம் ஆண்டு ரியல் மாட்ரிட் கழகத் தலைவர் தேர்தலில் நின்ற புளோரன்டினோ பெரேஸ், தாம் வென்றால் ஃபிகோவை அழைத்து வருவதாக வாக்களித்தார்; வென்றார். ஒப்பந்தத்தில் குறிக்கப்பட்டிருந்த விடுவிப்புத் தொகையான ஏறத்தாழ 6 கோடி யூரோவைச் செலுத்தி ஃபிகோவைப் பெற்றார். அதுவரை உலகில் எந்தக் கால்பந்து வீரருக்கும் அவ்வளவு தொகை தரப்பட்டதில்லை.

எதிரணியின் வெண்ணிறச் சட்டையுடன் அவர் பார்சிலோனா அரங்கிற்குத் திரும்பியபோது காதைச் செவிடாக்கும் கூச்சல் வரவேற்றது. 2002 நவம்பரில் நடந்த ஆட்டத்தில் அவரை நோக்கிப் புட்டிகள் பறந்தன. வெட்டப்பட்ட பன்றித்தலை ஒன்றும் வந்து விழுந்தது. நடுவர் ஆட்டத்தைச் சிறிது நேரம் நிறுத்திவைக்க நேர்ந்தது. அன்பு இவ்வளவு விரைவில் இத்தகைய வடிவம் எடுக்குமா என உலகம் வியந்தது.

செஞ்சோற்றுக்கடன்

இரசிகரின் சினத்தில் நியாயமே இல்லை என்று தள்ளிவிட இயலாது. மழையில் நனைந்தும், உழைத்துச் சேர்த்த பொருளைச் செலவிட்டும் அவர் அரங்கிற்கு வருகிறார். அணி தோற்றால் அவர் வீட்டில் அடுப்பெரிந்தும் உணவு இறங்குவதில்லை. ஊதியம் ஏதும் பெறாமல் உள்ளத்தைக் கொடுத்தவர், ஊதியம் பெற்று ஆடியவரிடம் செஞ்சோற்றுக்கடனை எதிர்பார்ப்பது இயல்பே.

ஆயினும் இக்கடனின் கணக்கைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். வீரர் உண்ட சோற்றுக்கு ஈடாக ஒவ்வோர் ஆட்டத்திலும் வியர்வை சிந்தியிருக்கிறார். ஒப்பந்தக் காலத்தில் முழுமனத்தோடு ஆடியவர் தம் கடனைத் தீர்த்தவரே ஆவார். அதற்கு மேலும் அவர் ஓர் அணிக்கே வாழ்நாள் முழுவதும் கட்டுண்டு கிடக்க வேண்டும் என்பது அன்பின் கோரிக்கையாக இருக்கலாம், அறத்தின் கட்டளையாகாது.

வீரர்கள் அவ்வாறு கட்டுண்டு கிடந்த காலமும் உண்டு. பெல்ஜியம் நாட்டின் ழான் மார்க் போஸ்மன் 1990இல் ஒப்பந்தம் முடிந்த பின்னும், மாற்றுத்தொகை கிடைக்காமல் அவரை விடுவிக்க அவருடைய கழகம் உடன்படவில்லை. பிரான்சு நாட்டின் அணியொன்றில் சேர இருந்த அவருடைய வாய்ப்பு பறிபோனது. அவர் தொடுத்த வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 1995 டிசம்பர் 15 அன்று தீர்ப்பளித்தது. ஒப்பந்தம் முடிந்த வீரர், ஐரோப்பிய ஒன்றியத்தின் வேறொரு நாட்டு அணிக்கு மாற்றுத்தொகையின்றிச் செல்லலாம் என்பது அதனால் உறுதியாயிற்று.

அமெரிக்காவில் பன்னிரண்டு பருவங்கள் செயின்ட் லூயிஸ் அணிக்காகப் பேஸ்பால் ஆடிய கர்ட் ஃபிளட், 1969இல் அவரது விருப்பம் கேட்கப்படாமலேயே வேறோர் அணிக்கு மாற்றப்பட்டார். தாம் வாங்கவும் விற்கவும் உரிய பொருளல்லர் என்று அவர் நீதிமன்றம் சென்றார். 1972இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. எனினும் அவர் எழுப்பிய குரல், பின்வந்த வீரர்கள் உரிமை பெற வழிகோலியது. கழகம் வீரரை விற்றால் அதனை வணிகம் என்கிறோம்; வீரர் கழகத்தை விட்டுச் சென்றால் துரோகம் என்கிறோம். இரண்டையும் ஒரே தராசில் நிறுப்பதே நேர்மை.

ஒரே செயல், இரு பெயர்கள்

தராசு சாய்வதற்குப் பார்சிலோனாவே சான்று தருகிறது. ரியல் மாட்ரிட் அணியில் ஐந்தாண்டுகள் ஆடிய லூயிஸ் என்ரிக்கே, 1996இல் பார்சிலோனாவுக்கு வந்தார். அவரை அந்நகரம் அரவணைத்துக் கொண்டது. பின்னர் அவர் அணித்தலைவரானார். பயிற்சியாளராக 2015இல் ஒரே பருவத்தில் மூன்று பெரும் பட்டங்களை வென்று கொடுத்தார். ஃபிகோ செய்ததையே அவர் எதிர்த்திசையில் செய்தார். நம்மிடமிருந்து சென்றால் துரோகி, நம்மிடம் வந்தால் தோழர் என்பது நீதியாகாது.

எனின், வீரருக்குக் கடமையே இல்லையா? உண்டு. அது வாய்மை. ஃபிகோ தாம் பார்சிலோனாவிலேயே நீடிக்கப்போவதாகக் கூறிய சில நாள்களுக்குள் எதிரணியின் சட்டையை அணிந்தார். அவர்மீது சொல்லத்தக்க குற்றம் ஏதேனும் உண்டெனில் அது இதுவே. போவது உரிமை, போகமாட்டேன் என்று நம்பச்செய்துவிட்டுப் போவது அவ்வுரிமைக்குள் அடங்காது. இரசிகரின் பற்றைப் பெற்று வளர்ந்தவர், குறைந்த அளவு உண்மையையேனும் அவருக்குத் திருப்பித் தர வேண்டும்.

கண்ணியமாகப் பிரிந்தவர்களும் உளர். அர்ஜென்டினாவின் கேப்ரியல் பாட்டிஸ்டுட்டா, இத்தாலியின் ஃபியோரென்டினா அணி 1993இல் இரண்டாம் நிலைக்குத் தாழ்ந்தபோதும் அதனைவிட்டு அகலாமல் அடுத்த ஆண்டே மீண்டும் உயர உதவினார். 2000இல்தான் ரோமா அணிக்குச் சென்றார். அப்பருவத்தில் தம் பழைய அணிக்கு எதிராகவே வெற்றிக் கோலை அடித்தபோது, அவர் மகிழ்ந்து ஆடவில்லை, கண்கலங்கி நின்றார். புதிய அணிக்குரிய உழைப்பையும் பழைய ஊருக்குரிய நன்றியையும் ஒரே கணத்தில் அவர் செலுத்தினார்.

பற்று எங்கே வேர்கொள்கிறது?

இரசிகரின் பற்றுக்கு உண்மையான இருப்பிடம் எது என்பதை இலண்டனின் விம்பிள்டன் மக்கள் காட்டினர். அவர்களுடைய கால்பந்துக் கழகம் ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மில்டன் கீன்ஸ் நகருக்கு இடம்பெயர 2002இல் அனுமதி பெற்றது. வீரர், நிருவாகம், ஆட்ட உரிமை அனைத்தும் ஊரைவிட்டுச் செல்வதாயிற்று. இரசிகர்கள் மனம் தளரவில்லை. அவ்வாண்டிலேயே தங்களுக்கென ஒரு கழகத்தை நிறுவி, பொதுத்திடலில் வீரர்களைத் தேர்ந்தெடுத்து, மிகக் கீழ்நிலைப் போட்டிகளில் ஆடத் தொடங்கினர். ஒன்பது ஆண்டுகளில் ஐந்து முறை தரம் உயர்ந்து, 2011இல் ஆங்கிலேயத் தொழில்முறைக் கால்பந்துக் கூட்டமைப்பில் இடம்பெற்றனர். பற்றின் வேர் ஊரிலும் உறவிலும் இருக்கிறது. ஒரு வீரர் போவதால் அது அறுந்துவிடாது. ஒரு கழகமே போனாலும் அது மீண்டும் தளிர்க்கும்.

தன் பற்று இத்தகைய வலிமையுடையது என உணர்ந்த இரசிகர், பிரிந்து செல்பவரை வெறுக்கத் தேவையில்லை. 2005 நவம்பரில் மாட்ரிட் அரங்கில் பார்சிலோனா வீரர் ரொனால்டினோ இரண்டு கோல்கள் அடித்துத் தம் அணிக்கு 3 – 0 என்ற வெற்றியைத் தேடித்தந்தார். அன்று ரியல் மாட்ரிட் இரசிகர்கள் பலர் எழுந்து நின்று அவருக்குக் கைதட்டினர். அதனால் அவர்கள் பார்சிலோனாவின் இரசிகர்களாகிவிடவில்லை. மறுநாளும் மாட்ரிட்டின் மக்களாகவே இருந்தனர். எதிரியின் திறனை மதிக்க இயன்ற நெஞ்சுக்கு, நேற்றுவரை தன்னவராக இருந்தவரின் முடிவை மதிப்பது அரிதன்று.

வீரர் தம் உழைப்பைத் தருகிறார். இரசிகர் தம் அன்பைத் தருகிறார். உழைப்புக்கு ஒப்பந்தம் உண்டு, முடிவுநாளும் உண்டு. அன்புக்கு அவை இல்லை. விலைபேசாமல் கொடுத்ததற்கு வட்டி கேட்காதிருப்பதே அக்கொடைக்குப் பெருமை. அதுவரை பெற்ற மகிழ்ச்சிக்கு நன்றி கூறி வழியனுப்பிவிட்டு, அடுத்த ஆட்டத்திற்குத் தன் அணியின் கொடியோடு வந்து அமர்பவரே சிறந்த இரசிகர்.