மலிவுக் குண்டானில் காரீயமா?

பாத்திரக் கடைக்குப் போகிறோம். குண்டானைத் தூக்கிப் பார்க்கிறோம். விரலால் தட்டிப் பார்க்கிறோம். "கிலோ என்ன விலை, அண்ணே?" என்று கேட்கிறோம். பேரம் பேசுகிறோம். பழைய ஓட்டைப் பாத்திரத்தை எடைக்குப் போட்டு, மீதிப் பணத்தைக் கொடுத்துவிட்டு வருகிறோம்.

"இதை எதில் செய்தார்கள்?" என்று யாரும் கேட்பதில்லை. இனி கேட்டாக வேண்டும். ஏன்?

அமெரிக்காவில் எச்சரிக்கை

2025 ஆகஸ்டு மாதம், அமெரிக்க அரசின் உணவு, மருந்து நிர்வாகத்துறை ஓர் எச்சரிக்கை விடுத்தது. வெளிநாட்டில் இருந்து வந்த சில அலுமினியப் பாத்திரங்களில் சமைத்தால், உணவில் காரீயம் கலக்கக்கூடும் என்பதே அது. இந்தியாவில் செய்த பாத்திரமும் அதில் உண்டு. "இண்டாலியம்", "ஹிண்டாலியம்" என்ற பெயர்களையே குறிப்பிட்டு எச்சரித்தார்கள். கடைக்காரர்கள் விற்கக்கூடாது, வாங்கியவர்கள் குப்பையில் போட வேண்டும், அடுத்தவருக்குத் தானமாகவும் கொடுக்கக்கூடாது என்றார்கள்.

இண்டாலியம் நமக்குப் புதியதா? சோறு வடிப்பதும் குழம்பு வைப்பதும் அதில்தானே!

இதற்கு முன்பே சியாட்டில் நகரப் பகுதியில் ஒரு விஷயம் வெளிவந்தது. ஆப்கானிஸ்தானில் இருந்து அகதிகளாக வந்த குழந்தைகளின் இரத்தத்தில் காரீயம் அதிகம் இருந்தது. காரணம் தேடிய சுகாதாரத்துறையினர், அந்தக் குடும்பங்கள் கொண்டுவந்த சமையல் பாத்திரங்களைச் சோதித்தார்கள். புளிப்பு நீர் பட்டதும் அலுமினியப் பாத்திரங்களில் இருந்து காரீயம் கசிந்தது. இந்த ஆய்வு 2022-ல் வெளியாயிற்று.

காரீயம் எப்படி வந்தது?

சுத்தமான அலுமினியத்தின் மேல் குற்றம் இல்லை. இண்டாலியம் என்பது அலுமினியத்துடன் மக்னீசியம் முதலிய உலோகங்களைக் கலந்து செய்வது. அதுவும் நல்ல சரக்கானால் குற்றம் இல்லை. பழைய எஞ்சின் பாகம், உடைந்த மின்சாதனம், ஒட்டுப்போட்ட தகரம் என்று கிடைத்ததை எல்லாம் ஒன்றாய் உருக்கி வார்க்கும்போதுதான் காரீயம் உள்ளே நுழைகிறது. நாம் எடைக்குப் போட்ட பழைய பாத்திரமும் அந்த உலைக்குத்தான் போய்ச் சேருகிறது. புதிய குண்டானாக நம் வீட்டுக்கே திரும்பி வந்தாலும் வரும்!

இங்கே ஒரு பெயர்க் குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுவதும் வெள்ளீயமே. விஷம் காரீயம். அது வேறு, இது வேறு.

காரீயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இவ்வளவு உடம்பில் சேர்ந்தால் பாதகம் இல்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். காய்ச்சலைப்போல் தொட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. இரத்தப் பரிசோதனையில்தான் தெரியும். உலகில் மூன்று குழந்தைகளில் ஒன்றின் இரத்தத்தில் கவலைக்குரிய அளவு காரீயம் இருப்பதாக 2020-ல் யுனிசெப் அறிக்கை கூறியது. சமையல் பாத்திரம் அதற்கு ஒரு வழி. பேட்டரி, வர்ணம் என்று வேறு வழிகளும் உண்டு.

மரக்காணத்துக்கு என்ன?

விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் உப்பளக் கரை. மழை பிடித்தால் பாத்தி மூழ்கும். பாத்தி மூழ்கினால் கூலி நிற்கும். அந்த மாதங்களில் பாத்திரம் ஓட்டையானால், மலிவான குண்டானைத்தான் கை தேடும். அதைக் குற்றம் சொல்ல முடியுமா?

ஆனால் கடற்கரைச் சமையல் எப்படிப்பட்டது? மீன், புளி, உப்பு. உப்பும் புளியும் சேர்ந்தால் அலுமினியத்தை அரிக்கும். அதிலும் மீன் குழம்பு மறுநாள்தான் ருசி! ராத்திரி முழுவதும் குண்டானிலேயே குழம்பு ஊறுகிறது. பாத்திரத்தில் காரீயம் இருந்தால், அது குழம்பில் இறங்க இதைவிட நல்ல வசதி வேண்டாம்.

சட்டம் இருக்கிறது

எவர்சில்வர், அலுமினியப் பாத்திரங்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்று 2024 மார்ச்சில் மத்திய அரசு ஆணை பிறப்பித்தது. எவர்சில்வருக்கு ஐ.எஸ். 14756 என்றும், அலுமினியத்துக்கு ஐ.எஸ். 1660 என்றும் எண். முத்திரையுடன் உரிம எண்ணும் இருக்கும். பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் அந்த எண்ணைத் தட்டினால், உண்மையா போலியா என்று தெரிந்துவிடும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் போனைக் கொடுங்கள், பார்த்துச் சொல்லும்.

ஆணை டெல்லியில் பிறந்தது. குண்டான் தெருமுனையில் எடைக்கு விற்கிறது. முத்திரை இல்லாத சரக்கைச் சந்தையிலும் சிறு கடையிலும் எடுத்துச் சோதிப்பது அதிகாரிகளின் வேலை. உப்பளத்தில் வரப்பு மிதித்துவிட்டு வரும் பெண்ணையே ரசாயன நிபுணராக ஆகச் சொல்வது நியாயம் இல்லை.

எதை வாங்கலாம்?

புளிக்குழம்புக்கும் மீன் குழம்புக்கும் மண்சட்டிதான் முதல் தரம். விலையும் குறைவு, மண்பானைக்கு ஜி.எஸ்.டி. வரியே இல்லை. ஆனால் வர்ணம் தீட்டி, மினுமினுப்பு பூசிய சட்டி சமையலுக்கு வேண்டாம். அந்தப் பூச்சிலும் காரீயம் இருக்கலாம்.

வீட்டில் அலுமினியக் குண்டான் இருக்கிறதா? முத்திரை உள்ளதானால் சோறு வடிக்கலாம். அதிலும் குழம்பை மட்டும் ஊற விடாதீர்கள். எங்கே செய்தது என்று தெரியாத, முத்திரை இல்லாத பாத்திரத்தை அடுப்பில் ஏற்றாமல் இருப்பதே நல்லது.

எவர்சில்வருக்கும் அலுமினியத்துக்கும் வரி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்தில் இருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. விலை குறைந்ததா என்று கடைக்காரரைக் கேளுங்கள்; பில்லும் கேளுங்கள். எவர்சில்வரில் 304 என்ற ரகம் உயர்ந்தது. 202 என்பது நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டியது. கடல் காற்றில் சீக்கிரம் துரு காட்டும். காந்தம் வைத்துப் பார்த்து வாங்குகிறார்கள் சிலர். இந்த இரண்டு ரகத்திலுமே காந்தம் சரியாக ஒட்டாது. பிறகு அந்தச் சோதனையால் என்ன பயன்?

எந்த ரகமானாலும் எவர்சில்வர் டப்பாவில் உப்பைக் கொட்டி வைக்காதீர்கள். புள்ளி புள்ளியாய் அரித்துவிடும். உப்புக்கு மரவையோ மண் கலயமோ போதும்.