காசிமேட்டு ஐஸ் பெட்டிக்குக் காந்தம் கைகொடுக்குமா?

விடிகாலையில் காசிமேட்டில் ஏலம் எடுத்த மீன், கல்மண்டபம் தாண்டி ஊருக்குள் போகும்போது வண்டிக்குப் பின்னாடி ஐஸ் தண்ணி சொட்டிக்கிட்டே போகும். சொட்டுறது தண்ணி மட்டுமில்ல... வியாபாரியோட காசும்தான். அந்த ஐஸை உருவாக்க கரன்ட்டும் வேணும், கேஸும் வேணும்.

சிக்கலே அந்த கேஸ்தான். ஐஸ் ஃபேக்டரிகளில் பரவலாகப் பயன்படுவது அமோனியா. அதன் குணத்தை வடசென்னைக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2023 டிசம்பர் 26 நள்ளிரவு, எண்ணூர் பெரியகுப்பத்தில் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது, மக்கள் வீட்டைவிட்டு ஓடினார்கள். கார் ஏ.சி-யில் இருக்கும் ஆர்-134ஏ வாயுவோ, கார்பன் டை ஆக்ஸைடைவிட 1,400 மடங்கு பூமியைச் சூடாக்கக்கூடியது.

'கேஸே இல்லாம கூல் பண்ண முடியாதா?'

காந்தம் செய்யும் மேஜிக்

முடியும். சில பொருள்களைக் காந்தத்துக்கு நடுவே வைத்தால், அவற்றின் அணுக்களுக்குள் இருக்கும் குட்டிக் காந்தங்கள் வரிசைகட்டி நிற்கும், பொருள் சூடாகும். அந்தச் சூட்டைத் தண்ணீரால் இறக்கிவிட்டு, காந்தத்தை விலக்கினால் வரிசை கலையும்; பொருள் சில்லென்று ஆகும். இதைத் திரும்பத் திரும்பச் செய்தால் ஃப்ரிட்ஜ் ரெடி! 1976-ல் நாசா விஞ்ஞானி ஜி.வி.பிரவுன், கடோலினியம் உலோகத்தை வைத்து சாதாரண அறை வெப்பநிலையிலேயே இதைச் செய்து காட்டினார்.

ஆனா, கடோலினியம் விலை எட்டாது. அதனால்தான் மாங்கனீஸ் ஆக்ஸைடுகள் பக்கம் பார்வை திரும்பியது. விலை குறைவு, உப்புக்காத்துலயும் இரும்பு மாதிரி துருப்பிடிக்காது.

கம்ப்யூட்டருக்கு என்ன வேலை?

பிரியாணிக்கு மசாலா அளவு மாதிரி, இதுக்கும் கலவைதான் எல்லாமே. லாந்தனம் மாங்கனீஸ் ஆக்ஸைடில் மூன்றில் ஒரு பங்கு கால்சியம் சேர்த்தால், பூஜ்யம் டிகிரிக்குக் கீழேதான் நன்றாக வேலை செய்யும். ஸ்ட்ரான்சியம் சேர்த்தால் 90 டிகிரிக்கு மேலே. இரண்டையும் எந்த அளவில் கலந்தால் நம்ம ஊர் 30 டிகிரிக்குச் சரிவரும்? ஒவ்வொன்றையும் உலையில் சுட்டுப் பார்ப்பதற்கு முன்பே, அணுக்களுக்கு இடையிலான காந்தப் பிணைப்பைக் கணக்கிட்டு, 'இதைச் சுட்டுப் பாருங்க' என்று கைகாட்டுகிறது கம்ப்யூட்டர்.

அப்போ நாளைக்கே வந்துடுமா?

வராது. ஒரு டெஸ்லா வலிமையுள்ள காந்தத்தில் கடோலினியமே சுமார் 3 டிகிரிதான் மாறும். ஆக்ஸைடு அதைவிடக் குறைவு. அந்தச் சின்ன மாற்றத்தை அடுக்கடுக்காகச் சேர்த்துத்தான் குளிரை எட்ட முடியும். காந்தத்தின் விலையும் கூடும். 2015-ல் லாஸ் வேகாஸ் கண்காட்சியில் காந்த ஒயின் கூலர் ஒன்றைக் காட்டினார்கள். அதுக்கப்புறமும் நம்ம வீட்டு ஃப்ரிட்ஜ் மாறலையே!

ஆனா, காத்திருக்க நேரமும் அதிகமில்லை. கிகாலி ஒப்பந்தப்படி 2032 முதல் இந்தியா இந்த வகை வாயுக்களைக் குறைத்தே ஆக வேண்டும். கம்ப்யூட்டர் சொல்லும் கலவை, ஒயினுக்கு முன்னாடி வஞ்சிரத்துக்கும் சங்கராவுக்கும் வேலை செய்யட்டும். பரீட்சை எழுத வேண்டிய இடம் காசிமேடுதான்!